அனுமதிச் சீட்டு யாருக்குக் காவல்?

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு டீக்கடை என்று வைத்துக்கொள்வோம். ஓடு வேய்ந்த பழைய கடை. மழை பெய்தால் பாய்லருக்கு மேலேயே ஒழுகுகிறது. கடைக்காரர் கூரையைப் பிரித்துப் புதிதாகப் போட வேண்டும்; முன்சுவரை எடுத்துவிட்டு ஷட்டர் வைக்க வேண்டும்; நாலு பேர் உட்கார இரண்டு பெஞ்சு கூடுதலாகப் போட வேண்டும். அவருடைய திட்டம் இவ்வளவுதான்.

இதற்கு அவர் என்ன செய்ய வேண்டும்?

புராதனச் சின்னங்களுக்கான சட்டம் 1958-ல் வந்தது. 2010-ல் அதைத் திருத்தினார்கள். அதன்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. தடைப் பகுதியில் புதுக் கட்டடம் கூடாது. பழைய கட்டடத்தை மராமத்து பார்க்கலாம். அதற்கும் அனுமதி வேண்டும். அந்தக் கட்டடம் 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்தது என்று ருசுக் காட்ட வேண்டும். மனு முதலில் அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் போகும். அவர் 15 நாளில் டில்லியில் உள்ள தேசிய நினைவுச் சின்ன ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையத்துக்கு 2 மாதம். பிறகு அதிகாரிக்கு மறுபடி 1 மாதம். இது சட்டம் வைத்த கெடு. காகிதத்தில் ஒரு குறையும் இல்லாமல், ஓர் ஆபீசிலும் பைல் தூங்காமல் போனாலும், ஆடியில் மனுப் போட்டவருக்கு ஐப்பசி மழையில்தான் பதில் வரும்.

கதை இதோடு முடியவில்லை. கடல் அருகில் என்றால் கடற்கரை ஒழுங்குமுறை விதி குறுக்கே நிற்கிறது. உள்ளாட்சியில் கட்டட அனுமதி. நகர் ஊரமைப்புத் துறையில் திட்ட அனுமதி. வீடாக இருந்ததைக் கடையாக்கினால் உபயோக மாற்றத்துக்குத் தனி அனுமதி. மாவட்டத் தலைநகரான செங்கல்பட்டுக்கு ஒரு நடை போய்வர 60 கிலோமீட்டர். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் வியாபாரம் போகிறது. கடைசியில் தரகர் வருகிறார். “காகிதத்தை என்னிடம் கொடு, கவரையும் சேர்த்துக் கொடு” என்கிறார்.

இதே கரையில், கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரமாகப் பெரிய பெரிய உல்லாச விடுதிகள் எழுந்து நிற்கின்றன. பணக்காரன் காம்பவுண்டு சுவருக்குள் மாடி ஏறுகிறது. நீச்சல் குளம் தோண்டப்படுகிறது. கல்யாண மண்டபம் முளைக்கிறது. ஓடு மாற்றுகிறவன் மாதக்கணக்கில் காத்திருக்கிறான். மாடி ஏற்றுகிறவன் முதலில் கட்டிவிடுகிறான், பிறகு காகிதம் தேடுகிறான். இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

நமக்கு என்ன வந்தது?

“கடை முதலாளியின் கட்டடத்துக்கு அனுமதி கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன? ஆலையில் நூல் நூற்கிறவனுக்கும் வயலில் நாற்று நடுகிறவளுக்கும் இதில் என்ன சம்பந்தம்?” என்று தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. பதிலை இரண்டு வெளிநாட்டுச் சம்பவங்களிலிருந்து தொடங்குகிறோம்.

தென் கொரியாவின் சியோல் நகரில் சாம்பூங் என்றொரு பெரிய கடை இருந்தது. முதலில் அது கடையாகத் திட்டமிடப்பட்ட கட்டடமே அல்ல. நடுவழியில் முதலாளி அதைக் கடையாக்கச் சொன்னார். 4 மாடியை 5 ஆக்கச் சொன்னார். நகரும் படிக்கட்டு வைக்க இடம் வேண்டும் என்று தூண்களை வெட்டச் சொன்னார். கட்டிக்கொண்டிருந்த கம்பெனி “இது தாங்காது” என்று மறுத்தது. முதலாளி அந்தக் கம்பெனியை விலக்கிவிட்டுத் தன் ஆட்களைக் கொண்டே கட்டி முடித்தார். அதிகாரிகள் லஞ்சம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். 1995 ஜூன் 29 காலையில் மேல்மாடியில் விரிசல் பெரிதாகத் தெரிந்தது. ஒரு நாள் வியாபாரம் போய்விடுமே என்று கடையை மூடவில்லை. மாலையில் கட்டடம் அரை நிமிடம்கூட ஆகாமல் நொறுங்கி விழுந்தது. 502 பேர் மாண்டார்கள். முதலாளியும் லஞ்சம் வாங்கிய அதிகாரிகளும் சிறைக்குப் போனார்கள். செத்தவர் ஒருவரும் திரும்பி வரவில்லை.

வங்கதேசத்தில் டாக்கா அருகே சாவர் என்ற ஊர். அங்கே ராணா பிளாசா என்ற 8 மாடிக் கட்டடம். கடைகளுக்கும் ஆபீசுகளுக்கும் என்று கட்டியதில் பனியன், சட்டை தைக்கும் ஆலைகளைக் குடியேற்றினார்கள். மேல்மாடிகளை அனுமதி இல்லாமல் ஏற்றினார்கள். அதிலே கனமான ஜெனரேட்டர்களை வைத்தார்கள். 2013 ஏப்ரல் 23-ல் சுவரில் விரிசல் கண்டது. கீழே இருந்த பாங்கும் கடைகளும் மறுநாள் திறக்கவில்லை. தையல் தொழிலாளிகளை மட்டும் “வேலைக்கு வா” என்று உள்ளே அனுப்பினார்கள். ஏப்ரல் 24 காலையில் கட்டடம் உட்கார்ந்துவிட்டது. 1,130-க்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். பெரும்பாலோர் இளம் பெண்கள். நம் ஆலைத் தொழிலாளிகளின் சகோதரிகள்.

இந்த இரண்டிலும் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. பழைய கட்டடத்தை மாற்றுவது புதுக் கட்டடம் எழுப்புவதைவிட ஆபத்தான வேலை. புதிதாகக் கட்டும்போது இவ்வளவு பாரத்துக்கு இவ்வளவு கம்பி என்று கணக்குப் போட்டு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். மாற்றும்போது அந்தக் கணக்கு மாறிவிடுகிறது. வீட்டுக்குப் போட்ட தளத்தில் அரிசி மூட்டை அடுக்குகிறார்கள். கடையை அகலமாக்க நடுச்சுவரை உடைக்கிறார்கள். அந்தச் சுவர்தான் மேல்தளத்தைத் தாங்கி நிற்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஏற்றுகிறார்கள். வெளியேறும் வழியை அடைத்துச் சரக்கு வைக்கிறார்கள்.

அனுமதி என்பது, சுவரை உடைக்குமுன் விஷயம் தெரிந்த ஒருவர் வந்து தூணைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு. அது சம்மட்டி பிடிக்கிற கொத்தனாருக்குக் காவல். கீழே கல் சுமக்கிற சித்தாளுக்குக் காவல். நாளை அந்தக் கடையில் 12 மணி நேரம் நிற்கப்போகிற பெண்ணுக்குக் காவல். தேர்ந்த பொறியாளர் பார்க்காத கட்டடத்தில் முதலாளி பணத்தைத்தான் பணயம் வைக்கிறான். தொழிலாளி உயிரை வைக்கிறான்.

காகிதம் கூரையைத் தாங்காது

“அனுமதி வாங்கிவிட்டால் போதுமா?” என்றால், போதாது. 2014 ஜூன் 28-ல் மவுலிவாக்கத்தில் என்ன நடந்தது? அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த ஊர் அது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்ததும் அந்தப் பழைய மாவட்டத்திலிருந்துதான். அங்கே கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழை நாளில் சரிந்து விழுந்தது. 61 பேர் மாண்டார்கள். ஆந்திராவிலிருந்து பிழைக்க வந்தவர்கள் பலர். தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் பலர். அது புதுக் கட்டடம். அதற்குத் திட்ட அனுமதி இருந்தது. முத்திரையும் கையெழுத்தும் எல்லாம் இருந்தன. முத்திரை கூரையைத் தாங்கவில்லை.

ஆகவே நாம் கேட்பது வெறும் காகிதத்தை அல்ல. வேலை நடக்கும்போது வந்து பார்க்கும் கண்ணை.

செங்கல்பட்டுச் சீமையில் இது யாருடைய பிரச்னை என்று பாருங்கள். திருக்கழுக்குன்றம், மதுராந்தகம், செய்யூர் பக்கத்துக் கிராமங்களில் நடவும் அறுப்பும் முடிந்தால் வயலில் வேலை இல்லை. விவசாயத் தொழிலாளி விடியற்காலை பஸ் ஏறுகிறார். கடற்கரைச் சாலையில் கட்டட வேலைக்குப் போகிறார். ஆலையில் கதவடைப்பு என்றால் ஆலைத் தொழிலாளியும் அங்கேதான் போகிறார். எந்தக் கட்டடத்துக்கு அனுமதி உண்டு, எதற்கு இல்லை என்று அவருக்கு யார் சொல்கிறார்கள்? மேஸ்திரி “அந்தச் சுவரை இடி” என்றால் இடிக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 1994-ல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. தொழிலாளிகளின் நீண்ட போராட்டத்தில் கிடைத்தது அது. பிள்ளைகளின் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் விபத்துச் சாவுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் அதிலிருந்துதான் உதவி வருகிறது. அந்த வாரியத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? கட்டட அனுமதி கொடுக்கும்போது கட்டுமானச் செலவில் 1 சதவீதத்தை நலநிதியாக வசூலிக்கிறார்கள். ஒருவன் அனுமதி இல்லாமல் 2 கோடி ரூபாய்க்கு மாடி ஏற்றினால், தொழிலாளியின் வாரியத்திலிருந்து 2 லட்சம் ரூபாயைத் திருடுகிறான் என்று அர்த்தம். சட்ட மீறல் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. நம் பாஷையில் அதற்குப் பெயர் கூலித் திருட்டு.

முதலில் கட்டு, பிறகு கேள்

பெரிய இடத்துக்காரனுக்கு இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? சர்க்கார் கொடுத்த தைரியம்தான்.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ஆம் வருஷத்தது. அனுமதி இல்லாத கட்டடத்தை நிறுத்தவும் அகற்றவும் அதில் அதிகாரம் இருக்கிறது. ஆனால் 1998-ல் அதிலே 113-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். விதி மீறிக் கட்டியவன் பணம் கட்டினால் மீறல் வரன்முறையாகிவிடும். “ஒரே ஒரு தடவைதான்” என்றார்கள். அந்த அடிப்படையில் 2000-ல் சுப்ரீம் கோர்ட்டும் ஒப்புக்கொண்டது. அப்புறம் கெடுவை மறுபடி மறுபடி நீட்டினார்கள். 2006-ல் சென்னை ஹைகோர்ட் அந்த நீட்டிப்புகளைச் செல்லாது என்றது. 2012-ல் 113-சி என்று இன்னொரு பிரிவு வந்தது. 2007 ஜூலை 1 வரை கட்டியவற்றுக்கு அதில் வழி திறந்தது. ஒரு தடவை மன்னிப்பு என்பது பரம்பரை வழக்கமாகிவிட்டது.

பலன் என்ன? சென்னை தியாகராய நகரில் 2011 அக்டோபர் கடைசியில் பெரிய கடைகள் பலவற்றுக்குச் சீல் வைத்தார்கள். 2012 தொடக்கத்தில் இடைக்கால உத்தரவு பெற்றுத் திறந்துகொண்டார்கள். 2017 மே 31-ல் அதே வட்டாரத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடை தீப்பிடித்து எரிந்து, கட்டடமே உட்கார்ந்தது. விடியற்காலை ஆனதால் கடையில் ஜனக்கூட்டம் இல்லை. தீபாவளிக்கு முந்தைய மாலையாக இருந்திருந்தால்? நினைக்கவே நடுங்குகிறது. பிறகு அந்தக் கட்டடத்தை இடிக்கும்போது ஓர் இயந்திர ஓட்டுநர் இடிபாட்டில் சிக்கி உயிர் விட்டார். விதி மீறல் முதலாளியுடையது. கணக்குத் தீர்த்தவன் தொழிலாளி.

இரண்டு பொய்க் கோஷங்கள்

இப்போது இரண்டு குரல்கள் கேட்கின்றன. இரண்டையும் நம்ப வேண்டாம்.

ஒரு குரல் சொல்கிறது: “அனுமதி முறையே தொல்லை. அதை ஒழித்துவிட்டால் தொழில் வளரும், வேலை பெருகும்.” டீக்கடைக்காரரின் கஷ்டத்தைக் காட்டி விடுதி முதலாளி பேசும் பேச்சு இது. சிறியவனின் கண்ணீரைப் பெரியவன் தன் மனுவில் ஒட்டுகிறான். அனுமதி முறை ஒழிந்தால் டீக்கடைக்காரருக்கு ஒரு கூரை கிடைக்கும். விடுதி முதலாளிக்குக் கடற்கரையே கிடைக்கும்.

இன்னொரு குரல் சொல்கிறது: “சட்டம் எல்லாருக்கும் சமம். டீக்கடையானாலும் விதி விதிதான்.” கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வக்கீல் வைக்க முடிந்தவனையும் பஸ்ஸுக்குக் காசு எண்ணுகிறவனையும் ஒரே வரிசையில் நிறுத்துவது சமம் ஆகுமா? வீட்டுக்காரர்களுக்கு 2024 ஜூலையில் மாநில சர்க்கார் ஒரு வழி செய்தது: 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று கொடுத்து உடனே அனுமதி பெறலாம். வீட்டுக்கு அந்த வழி முடியும் என்றால், ஓட்டுக் கூரை மாற்றும் சின்னக் கடைக்குச் சீக்கிரம் பதில் சொல்வது மட்டும் ஏன் முடியாது?

நாம் பல்லவர் சிற்பத்துக்கு எதிரிகள் அல்ல. மலையைக் குடைந்து யானையையும் மானையும் செதுக்கியவனும் உழைப்பாளிதான். 1984-ல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அங்கீகாரம் பெற்ற அந்தக் கல்லை 1,300 வருஷத்துக்கு அப்பாலும் காப்பாற்ற வேண்டும். அதைக் காக்கிறோம் என்று சொல்லி, அதன் நிழலில் இன்றும் உளி பிடித்துப் பிழைக்கிற சிற்பியின் பட்டறைக் கூரையை ஒழுக விடுவதை மட்டுமே எதிர்க்கிறோம்.

கடல் யாருக்குச் சொந்தம்?

கடற்கரை விஷயத்தில் அநியாயம் இன்னும் பச்சையாகத் தெரிகிறது. 1991 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் கடற்கரை ஒழுங்குமுறை விதியைக் கொண்டு வந்தது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு. கிராமக் கரைகளில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டுமானம் கூடாது. அனுமதியுள்ள பழைய கட்டடத்தை அதே அளவில் மராமத்து பார்க்கலாம். நல்ல விதிதான். மீனவர் வலை உலர்த்துவதும் படகு ஏற்றுவதும் அந்த மணலில்தான்.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தது. கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை குப்பங்கள் அடிபட்டன. 2005-ல் மாநில சர்க்கார் உத்தரவு போட்டது: 200 மீட்டருக்கு வெளியே போகிற மீனவருக்கு இலவச வீடு; கரையிலேயே இருக்க விரும்புகிறவர் தன் வீட்டைத் தானே பழுது பார்த்துக்கொள்ளலாம், சர்க்கார் உதவி கிடையாது. மீனவருக்கு அலையைக் காட்டி எச்சரித்தார்கள். சரி. அதே அலை விடுதிக்கு வராதா? 2019 ஜனவரியில் வந்த புது விதி, ஜனநெருக்கமுள்ள கிராமக் கரைகளில் 200 மீட்டரை 50 மீட்டராகக் குறைக்க வழி செய்தது. மீனவர் சங்கங்கள் எதிர்த்தும் கேட்கவில்லை. மீனவனை 200 மீட்டர் பின்னே தள்ளிவிட்டு, முதலாளியை 150 மீட்டர் முன்னே அழைக்கிறார்கள்!

“பெரிய விடுதியை எவன் அசைக்க முடியும்?” என்று மனம் தளர வேண்டாம். பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். வேம்பநாட்டு ஏரியில் நெடியதுருத்து என்ற தீவில் விதி மீறி ஓர் உல்லாச விடுதி எழுந்தது. மீனவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2013-ல் கேரள ஹைகோர்ட் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அதை உறுதி செய்தது. 2022-ல் இடிக்கும் வேலை ஆரம்பமாயிற்று. அதே 2020 ஜனவரியில் கொச்சி அருகே மரடுவில், கடற்கரை விதியை மீறிய 4 அடுக்குமாடித் தொகுதிகள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. காலம் பிடித்தது. ஆனால் காரியம் நடந்தது.

நாம் கோருவது

சின்னக் கடை, பட்டறை, மீனவர் வீடு ஆகியவற்றின் மராமத்து மனுக்களுக்கு உள்ளாட்சி ஆபீசிலேயே ஒரே இடத்தில் மனு வாங்க வேண்டும். மற்ற துறைகளுக்கு அனுப்புவது சர்க்காரின் வேலை. மனுதாரரின் வேலை அல்ல. குறித்த நாளுக்குள் பதில் வர வேண்டும். மறுத்தால் காரணத்தைத் தமிழில் எழுதித் தர வேண்டும். வரைபடம் போடவும் தூணைப் பார்க்கவும் சர்க்கார் பொறியாளரை இலவசமாக அனுப்ப வேண்டும்.

வியாபாரக் கட்டடம் எதை மாற்றினாலும், வேலை நடக்கும் இடத்தில் பெரிய எழுத்தில் பலகை வைக்க வேண்டும்: அனுமதி எண், தேதி, எத்தனை மாடி, பொறுப்பான பொறியாளர் யார் என்று. பலகை இல்லாத இடத்தில் வேலைக்குப் போக மறுக்கிற தொழிலாளிக்கு அன்றைய கூலி கிடைக்க வேண்டும். விரிசல் கண்டால் வேலையை நிறுத்தும் உரிமை தொழிலாளிக்கு வேண்டும்.

பெரிய மீறல்களுக்கு இனி வரன்முறை கூடாது. இடிக்கும் செலவை முதலாளியிடமே வாங்க வேண்டும். சீல் வைத்தால் கடை ஊழியரின் சம்பளத்தை முதலாளி கொடுத்தே தீர வேண்டும். அனுமதியில்லாமல் கட்டியதற்கும் 1 சதவீத நலநிதியை அபராதத்தோடு வசூலிக்க வேண்டும்.

கோரிக்கை எழுதிவிட்டு உட்கார்ந்திருப்பது நம் வழக்கமல்ல. இன்றே செய்யக்கூடிய காரியமும் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி யாரும் மனுப் போடலாம். உங்கள் ஊர்ப் பக்கத்து விடுதிக்கும், நீங்கள் வேலை செய்கிற கட்டடத்துக்கும் என்ன அனுமதி, எத்தனை மாடிக்கு, எந்தத் தேதியில் என்று கேளுங்கள். நலநிதி கட்டியாயிற்றா என்று கேளுங்கள். எழுதத் தெரியாதவருக்குச் சங்கத் தோழர்கள் எழுதிக் கொடுக்கட்டும். மே 1 அன்று கிராம சபை கூடுகிறது. பதிலை அங்கே உரக்கப் படியுங்கள். சங்கத்துக் கொத்தனாரும், கடை ஊழியரும், குப்பத்து மீனவரும், ஓடு மாற்றக் காத்திருக்கிற டீக்கடைக்காரரும் ஒன்றாக நின்று படியுங்கள்.

டீக்கடையின் கூரை ஒழுகக் கூடாது. விடுதியின் கூரை நம் தலையில் விழவும் கூடாது. இரண்டையும் சேர்த்தே கேட்போம்!